நிழலுக்குக் கறுப்பு போதுமா?
டிஜிட்டல் ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. ஒரு நிறத்தை அதன் இருண்ட நிலையிலிருந்து வெளிச்சமான நிலைவரை படிப்படியாக அடுக்கும் வரிசையை ஓவியம் பழகுவோர் ‘ராம்ப்’ என்பார்கள். டிஜிட்டல் ஓவியத்துக்கான வண்ணத் தட்டில் அந்த வரிசையை எப்படி அமைப்பது என்பதே கடிதங்களில் கேட்கப்பட்டிருந்தது. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, டேப்லெட்டில் ஓவியம் பழகிவருகிறேன். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் செங்கல் நிறக் கட்டடத்தை வரைவதற்காக ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுத்து, நிழலுக்கு அதனுடன் கறுப்பையும் வெயில் படும் இடத்துக்கு வெள்ளையையும் கலந்து ஐந்து நிறங்களைத் தயாரித்தேன். நிழல் பகுதி அழுக்குப் படிந்தது போலவும், வெயில் பகுதி ரோஸ் நிறமாகவும் தெரிகிறது. எங்கே பிழை?
— கல்லூரி மாணவி, பெரம்பூர்

பதில்: பிழை உங்கள் சிவப்பில் இல்லை, கலந்த கறுப்பிலும் வெள்ளையிலும் இருக்கிறது. வெயிலில் நிற்கும் சுவரின் மீது இரண்டு வகை ஒளி விழுகிறது. ஒன்று சூரியனிடமிருந்து நேராக வருவது, மற்றொன்று வானம் முழுவதிலிருந்தும் சிதறி வருவது. காற்றின் மூலக்கூறுகள் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால் வானொளி நீலச் சாயல் கொள்கிறது. அந்த நீலத்தை வழியிலேயே இழந்துவிட்ட நேர்வெயில், சூரியன் சாயச் சாய மஞ்சளாகிறது. நிழல் என்பது ஒளியே இல்லாத இடம் அன்று. நேர்வெயில் மறைக்கப்பட்டு, வானொளியும் தரையிலிருந்து தெறிக்கும் ஒளியும் மட்டும் வந்து சேரும் இடம். அங்கே ஒளியின் அளவு குறைவதோடு ஒளியின் நிறமும் மாறிவிடுகிறது.

கறுப்பைக் கலக்கும்போது அளவு மட்டுமே குறைகிறது, நிறம் அப்படியே இருக்கிறது. மூடிய அறையில் ஒரே விளக்கை மெல்ல மங்கச் செய்தால் சுவர் அப்படித்தான் தெரியும். திறந்த வெளியில் அப்படித் தெரியாது. வெள்ளையைக் கலப்பதிலும் இதே குறை உண்டு. சிவப்புடன் வெள்ளை சேர்ந்தால் ரோஸ் பிறக்கிறது. ஆனால் வெயில் பட்ட செங்கல் ஆரஞ்சை நோக்கியும் காவியை நோக்கியும் நகர்கிறதே தவிர, ரோஸை நோக்கி ஒருபோதும் நகர்வதில்லை.

மாலை வெயிலில் நிற்கும் அந்தச் சுவருக்கு ஒரு வரிசையைத் தருகிறேன். மென்பொருளில் ஹியூ எனக் காணப்படும் நிறக்கோணத்தை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு 320, 350, 10, 22, 36 என வையுங்கள். அதாவது கத்திரிப்பூ நிறத்திலிருந்து சிவப்பின் வழியாக மஞ்சளை நோக்கிச் செல்லுங்கள். செறிவை 45, 58, 65, 55, 36 என வைத்தால், நடுவில் நிறம் மிகுந்தும் இரு முனைகளிலும் அடங்கியும் இருக்கும். மிக இருண்ட இடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி குறைவு என்பதால் நிறமும் குறைவாகவே தெரியும். மிக வெளிச்சமான இடத்தில் ஒளியின் நிறம் சுவரின் நிறத்தை விழுங்கிவிடும். மூன்றாவதான பிரகாச எண்ணை 20, 43, 65, 77, 84 என வையுங்கள்.

இந்தக் கடைசி எண்களைக் கவனியுங்கள். முதல் படிக்கும் இரண்டாவதுக்கும் இடையே 23 ஏறுகிறது; நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே 7 மட்டுமே ஏறுகிறது. ஆனால் கண் உணரும் வெளிச்சத்தை அளக்கும் லேப் முறையில் இதே ஐந்து நிறங்களையும் சோதித்தால் ஏறத்தாழ 14, 28, 44, 60, 76 எனச் சீராக உயர்வதைக் காண்பீர்கள். கண்ணுக்குச் சமமான படிகள் வேண்டுமானால் பிரகாச எண்ணை நம்பாதீர்கள். லேப் முறையின் ‘எல்’ என்ற எண்ணைப் பாருங்கள். முதலில் இந்த வெளிச்சப் படிகளை முடிவுசெய்துவிட்டு, அதற்குப் பிறகே நிறக்கோணத்தை வளைப்பது நல்லது. வெளிச்சப் படிகள் சரியாக அமைந்த வரிசையில் நிறம் சற்றுத் தவறினாலும் சுவர் சுவராகத் தெரியும். வெளிச்சப் படிகள் தவறினால் எவ்வளவு அழகான நிறமும் அதைக் காப்பாற்றாது.

கேள்வி: ஐயா, மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன்; ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய கேம் செய்துவருகிறேன். இரண்டு முனை நிறங்களைக் கொடுத்தால் இடைப்பட்ட நிறங்களைத் தானாகக் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதினேன். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே சாம்பல் நிறம் வருகிறது. நிறக்கோணம், செறிவு, பிரகாசம் ஆகிய மூன்றால் நிறத்தைக் குறிக்கும் ஹெச்எஸ்வி முறைக்கு மாற்றினால் ஒருமுறை பச்சை வழியாகவும், முனை நிறத்தைச் சற்றே மாற்றினால் சிவப்பு வழியாகவும் செல்கிறது. எந்த முறையில் கணக்கிடுவது சரி?
— ஒரு வாசகர், சிறுசேரி

பதில்: உங்கள் நிரல் கணக்கைச் சரியாகவே செய்திருக்கிறது. திரை ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வழிகளில், 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கிறது. அதன்படி தூய நீலம் 0, 0, 255. தூய மஞ்சள் 255, 255, 0. இரண்டின் சராசரி மூன்று வழிகளிலும் 127.5 ஆகும், மூன்றும் சமமானால் சாம்பல் தவிர வேறொன்றும் வராது. எதிரெதிர் நிறங்களை நேர்கோட்டில் இணைத்தால் கோடு நடுவிலுள்ள சாம்பலைக் கடந்தே ஆக வேண்டும்.

இதனுடன் இன்னொரு சிக்கலும் உண்டு. 255இல் பாதியான 128 என்ற எண் திரையில் பாதி ஒளியைத் தருவதில்லை. ஏறத்தாழ 22 சதவீதமே தருகிறது. பாதி ஒளிக்கு 188 வேண்டும். ஆகவே இரண்டு விளக்குகளின் ஒளி கலப்பது, ஒரு படத்தை மங்கலாக்குவது போன்ற வேலைகளில் எண்களை முதலில் உண்மையான ஒளி அளவுகளாக மாற்றிக்கொண்டுதான் கூட்டவும் வகுக்கவும் வேண்டும். ஆனால் வண்ண வரிசைக்கு அந்த ஒளி அளவும் பொருந்தாது. நம் கண் இருட்டில் உள்ள சிறு வேறுபாட்டைக்கூட எளிதில் பிரித்தறியும், வெளிச்சத்தில் அப்படி அறியாது. சமமான ஒளிப் படிகள் வைத்தால் இருண்ட பக்கத்தில் பெரிய தாவலும் வெளிச்சப் பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய நிறங்களும் கிடைக்கும்.

ஹெச்எஸ்வி முறையை ஆல்வி ரே ஸ்மித் 1978இல் வெளியிட்டார். கணினியில் நிறத்தை எளிதாகத் தேர்ந்தெடுப்பதற்கு அது இன்றும் மிக வசதியானது. ஆனால் கண்ணின் இயல்பு அதில் இல்லை. அதன் பிரகாச எண், மூன்று வழிகளில் எது பெரிதோ அதைத்தான் குறிக்கிறது. எனவே தூய நீலத்துக்கும் 100, தூய மஞ்சளுக்கும் 100. உண்மையில் திரையின் வெள்ளை ஒளியில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. 1976இல் வகுக்கப்பட்ட லேப் முறையில் அளந்தால் மஞ்சளின் வெளிச்சம் 97, நீலத்தினுடையது 32. இவ்வளவு தொலைவில் இருக்கும் இரண்டையும் சமம் என்று சொல்லும் ஓர் அளவையைக் கொண்டு படிகள் அமைக்க முடியாது. நிறக்கோணத்தில் நீலம் 240, மஞ்சள் 60. இடைவெளி சரியாக 180. வட்டத்தில் இரண்டு வழிகளும் ஒரே நீளம் என்பதால், முனை நிறம் மயிரிழை நகர்ந்தாலும் குறுகிய வழி எதுவென்ற முடிவு மாறிவிடுகிறது. பச்சையும் சிவப்பும் மாறி மாறி வந்ததற்குக் காரணம் இதுவே.

நான் பரிந்துரைப்பது, லேப் போலவே கண் உணர்வதை ஒட்டி நிறத்தை அளக்கும் ஓக்லேப் முறை. பியோர்ன் ஓட்டோசன் என்ற பொறியாளர் 2020 டிசம்பரில் இதை வெளியிட்டார். எண்களை ஒளி அளவுகளாக மாற்றி, ஓர் அணியால் பெருக்கி, கிடைக்கும் மூன்று மதிப்புகளுக்கும் கனமூலம் கண்டு, மீண்டும் ஓர் அணியால் பெருக்கினால் போதும். நிரலில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும். பழைய லேப் முறையில் நீலத்தை வெள்ளையை நோக்கி நகர்த்தினால் இடையில் ஊதாச் சாயல் புகுந்துவிடும். ஓக்லேப் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. இணையப் பக்கங்களின் நிறத் தரத்திலும் ஃபோட்டோஷாப்பின் கிரேடியண்ட் கருவியிலும் அது இடம்பெற்றுவிட்டது.

ஆனால் ஓக்லேப்பிலும் நீலத்தையும் மஞ்சளையும் நேர்கோட்டில் இணைத்தால் நடுவில் வெளிறிய, சாம்பல் கலந்த நீலமே வரும். அதன் வட்ட வடிவமான ஓக்எல்சிஹெச் முறையில் வெளிச்சம், செறிவு, கோணம் என மூன்றையும் தனித்தனியாக நகர்த்துங்கள். அப்போது நீலத்தின் கோணம் 264, மஞ்சளின் கோணம் 110. குறுகிய வழி எது என்பதில் ஐயம் இல்லை, வரிசை நீலப்பச்சை வழியாகச் செல்லும். இங்கே ஓர் எச்சரிக்கை. நீலப்பச்சைப் பகுதியில் திரை காட்டக்கூடிய செறிவு மிகக் குறைவு. இரு முனைகளின் செறிவுக்குச் சராசரி கண்டால் திரையின் எல்லையைத் தாண்டிவிடும். அதை அப்படியே வெட்டினால் நிறமும் வெளிச்சமும் சேர்ந்து பிறழும். வெளிச்சத்தையும் கோணத்தையும் மாற்றாமல், எல்லைக்குள் வரும்வரை செறிவை மட்டும் குறைக்கும்படி நிரலை எழுதுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளுக்குப் பதிலாக இருட்டு, நடு, வெளிச்சம் என மூன்று நிறங்களை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் கணக்கிடும் வேலை மட்டுமே கணினியிடம் இருக்கும், முடிவுசெய்யும் வேலை உங்களிடம் இருக்கும். முழுவதையும் சூத்திரமாகவே அமைக்க விரும்பினால் ‘கியூப்ஹீலிக்ஸ்’ முறையைப் படித்துப் பாருங்கள். வானியல் படங்களுக்காக டேவ் கிரீன் உருவாக்கிய இம்முறை 2011இல் இந்திய வானியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. வெளிச்சம் இடையறாது ஏற, நிறம் அதைச் சுற்றிச் சுழன்றபடியே மேலேறும். செறிவு நடுவில் பெருத்து முனைகளில் ஒடுங்கும். மேலே பெரம்பூர் வாசகிக்குச் சொன்ன வரிசையின் அமைப்பும் இதுவேதான், சுழற்சி மட்டும் சிறியது.

கேள்வி: பிக்சல் ஓவியத்துக்கு ஒரு வரிசையில் எத்தனை நிறங்கள் இருக்க வேண்டும்?
— பள்ளி மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, மூன்றில் தொடங்குங்கள். 1989இல் வந்த கேம் பாய் என்ற கையடக்க கேம் கருவி நான்கே சாயல்களில் முழு உலகங்களைக் காட்டியது. படிகள் கூடக் கூட, ஒவ்வொன்றும் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது மங்கி, வடிவம் குழைந்துவிடும். சிறிய உருவத்துக்கு மூன்று அல்லது நான்கு, பெரிய பின்னணிக்கு ஐந்து அல்லது ஆறு என்பது என் அளவு.

அதைவிட முக்கியமானது, வரிசைகள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்பது. செங்கல், மரம், தோல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக ஐந்து நிறங்கள் என்றால் பதினைந்து ஆகிறது. மூன்றின் ஆழ்ந்த நிழலுக்கும் ஒரே கருங்கத்திரி நிறத்தையும், மூன்றின் உச்ச வெளிச்சத்துக்கும் ஒரே சந்தன நிறத்தையும் வைத்தால் பதினொன்றில் முடிகிறது. நிறங்கள் குறைவது மட்டும் இதன் பயன் அன்று. எல்லாப் பொருள்களும் ஒரே வெயிலில் நிற்பது போன்ற ஒருமை படத்துக்கு வந்துவிடும். அசெப்ரைட் மென்பொருளில் ‘ஷேடிங்’ என்ற மை வகையைத் தேர்ந்தெடுத்து வரிசையைக் குறித்துக்கொண்டால், தூரிகை படும் இடமெல்லாம் அடுத்த படிக்கு நகரும். வரிசையைச் சோதிக்க அதைவிட விரைவான வழி இல்லை.

கேள்வி: ஐயா, புடவைக் கடை ஒன்றுக்கு விளம்பர ஓவியங்கள் வரைகிறேன். மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டை எந்த வரிசையில் வரைந்தாலும் அது பட்டாகத் தெரியவில்லை. பாலியெஸ்டர் போல இருக்கிறது. ஜரிகையும் வெறும் மஞ்சள் பட்டையாகிவிடுகிறது.
— ஒரு வாசகி, தியாகராய நகர்

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒற்றை வரிசை என்ற கருத்தே தோற்றுப்போகும் இடம் இது. மயில்கழுத்து என்பது ஒரு நிறம் அன்று. பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமுமாக நீல இழைகளும் பச்சை இழைகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. துணி மடியும்போது ஒரு பக்கத்துச் சரிவில் பாவு இழைகள் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன; மறுபக்கத்துச் சரிவில் ஊடை இழைகள் அனுப்புகின்றன. அதனால் ஒரே அளவு வெளிச்சம் பெறும் இரண்டு இடங்கள் இரண்டு வேறு நிறங்களில் மின்னுகின்றன.

ஆகவே உங்களுக்குத் தேவை அடியில் இணைந்து மேலே பிரியும் இரண்டு வரிசைகள். ஆழ்ந்த நிழலுக்கு இரண்டுக்கும் பொதுவாக ஒரு கருநீலம். அதிலிருந்து ஒரு கிளை மயில் நீலத்தின் வழியாக வெளிர்நீலத்துக்கும், மற்றொரு கிளை நீலப்பச்சையின் வழியாகக் கிளிப்பச்சையின் ஓரத்துக்கும் செல்லட்டும். இரு கிளைகளிலும் ஒரே உயரத்திலுள்ள நிறங்கள் ஒரே வெளிச்ச எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் மடிப்பில் நிறம் மாறும், வடிவம் மாறாது. மடிப்பின் இடப்பக்கத்துக்கு ஒரு கிளை, வலப்பக்கத்துக்கு மற்றொன்று என முடிவுசெய்து, புடவை முழுவதும் அந்த முடிவை மாற்றாதீர்கள். அரக்கும் பச்சையும், வாடாமல்லியும் நீலமும் என எந்த இரட்டை நிறப் பட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

பாலியெஸ்டர் போலத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மினுமினுப்பை வெள்ளையால் வரைந்திருப்பீர்கள். பட்டின் மினுமினுப்பு வெள்ளைக்கு முன்பே நின்றுவிடும். அதில் இழையின் நிறம் எஞ்சியிருக்கும். எனவே உச்சப் படியிலும் கொஞ்சம் செறிவை விட்டுவையுங்கள்.

ஜரிகைக்கு எதிர்மாறான வழி வேண்டும். உலோகம் தன்னைச் சுற்றியிருப்பதைத்தான் காட்டுகிறது. அதனால் அதன் வரிசையில் மெல்லிய ஏற்றம் கிடையாது. அடர்ந்த காப்பிப் பழுப்பு, செம்பு கலந்த காவி, வெளிர் மஞ்சள் ஆகிய மூன்றே போதும். அவற்றிடையே பெரிய தாவல் இருக்கட்டும், நடு நிறத்துக்குக் குறைந்த இடமே கொடுங்கள். இருண்ட பழுப்பைத் தொட்டுக்கொண்டே வெளிர் மஞ்சள் நிற்கும் இடத்தில்தான் ஜரிகை பளிச்சிடும். இதே பெண்ணுக்குச் சுங்குடிச் சேலை கட்டினால் மூன்று நெருக்கமான படிகள், மினுமினுப்பு இல்லாமல், போதுமானவை.

கேள்வி: குழந்தைகள் நூல்களுக்கு வரைபவர் நான். நம் குழந்தைகளின் கறுத்த தோலை வரையும்போது ஒன்று சாம்பல் பூத்தது போல வருகிறது, இல்லையென்றால் ஆரஞ்சாகிவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் தோல் நிற வரிசைகள் பெரும்பாலும் வெளிறிய தோலுக்கே இருக்கின்றன. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், வில்லிவாக்கம்

பதில்: அந்த வரிசைகளை எடுத்து இருட்டாக்குவதை முதலில் நிறுத்திவிடுங்கள், சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. தோலிலிருந்து வரும் ஒளியில் இரண்டு பங்குகள் உண்டு. ஒரு பங்கு தோலின் மேற்பரப்பிலேயே தெறித்துவிடுகிறது. அது வெளிறிய தோலிலும் கறுத்த தோலிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான், ஒளி என்ன நிறமோ அதே நிறம்தான். மற்றொரு பங்கு தோலுக்குள் சென்று, தோலுக்குக் கருமை தரும் மெலனினையும் இரத்தத்தையும் கடந்து திரும்புகிறது. மெலனின் மிகுந்த தோலில் இந்தப் பங்கு குறைகிறது. இரண்டாவது பங்கு குறைந்திருப்பதால், அதன் பக்கத்தில் முதல் பங்கான மினுமினுப்பு கறுத்த தோலில் தனித்துத் துலங்குகிறது. நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் தோள்முனையிலும் தெரியும் அந்தத் தெளிவான ஒளிதான் கறுத்த தோலின் அழகு. அதைப் பரப்பி மங்கலாக்கினால் சாம்பல் பூத்துவிடும்.

எனவே வரிசையின் கீழ்ப்பகுதியையும் மேல்நுனியையும் தனித்தனியாக அமையுங்கள். கீழே நான்கு படிகள், தோலுக்குள் சென்று திரும்பும் ஒளிக்கானவை: நிறக்கோணம் 345இல் தொடங்கி 8, 18 வழியாக 26இல் முடியட்டும், செறிவு 50, 62, 60, 48, பிரகாசம் 15, 30, 46, 62. ஆழ்ந்த நிழல் கறுப்பாக இல்லாமல் அரக்கின் சாயல் கொண்டிருப்பதைக் கவனியுங்கள். ஆரஞ்சாக வருகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் எல்லாப் படிகளும் ஒரே கோணத்தில் நிற்பதாக இருக்கும்; நிழலைச் சிவப்புக்கு அப்பால் தள்ளிவிட்டாலே நடுப்படிகளின் ஆரஞ்சு அடங்கிப் பழுப்பாகத் தெரியும். மேல்நுனிக்கு ஒரே ஒரு நிறம்: வெயிலில் வெளிர் சந்தனம், மர நிழலில் நிற்கும் குழந்தைக்கு வானத்தின் வெளிர்நீலம். அதை மிகச் சிறிய இடங்களில், ஓரம் தெளிவாக வையுங்கள். கடற்கரையில் விளையாடும் குழந்தையானால் தாடைக்கும் மூக்குக்கும் அடியில் மணலிலிருந்து தெறிக்கும் ஒளிக்காக நிழல் படிக்குச் சற்றே மஞ்சள் சாயலும் தரலாம்.

இந்த எண்களை அப்படியே எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படுத்த வேண்டாம். ஒரே தெருவில் எத்தனை மாநிறங்கள் இருக்கின்றன! ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுப்படியை மாற்றி, முனைகளை மட்டும் பொதுவாக வையுங்கள். தன் நிறத்தை ஒரு நூலில் சரியாகக் காணும் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி என்பது உங்களுக்கே தெரியும். அதற்காக இந்த உழைப்பு தகும்.

கேள்வி: ரிப்பன் மாளிகை போன்ற வெள்ளைக் கட்டடத்துக்கு வரிசை எப்படி? நிழலைச் சாம்பலாக்கினால் வெளிறிக் கிடக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அயனாவரம்

பதில்: ஐயா, அது வெளிறித் தெரிவது பெரும்பாலும் நிழல் போதிய அளவு இருட்டாக இல்லாததால்தான். வெள்ளை என்ற எண்ணமே கையைத் தடுத்துவிடுகிறது. பக்கத்திலிருக்கும் சென்ட்ரலின் செங்கல் நிறத்தை வைத்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். அங்கே வெயில் பட்ட சுவரை லேப் வெளிச்சம் 60 என்றும், நிழலை 28 என்றும் வைத்தால், நிழலில் விழும் ஒளி வெயிலில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஆகிறது. அதே வெயிலும் அதே வானமும் ரிப்பன் மாளிகைக்கும் உரியவை. வெயிலில் 94 இருக்கும் வெள்ளைச் சுவர் நிழலில் ஏறத்தாழ 48க்கு இறங்க வேண்டும். நடுத்தரச் சாம்பலை ஒத்த அந்த எண்ணை வைக்க மனம் தயங்கும். நீலச் சாயலுடன் துணிந்து வையுங்கள். சுற்றிலும் உள்ளவை அதே அளவில் இறங்கியிருந்தால் கண் அதை வெள்ளை என்றே அறியும். வளைவுகளின் உட்கூரையில் மட்டும் தரையொளியின் இளஞ்சூட்டுக்காகக் காவிச் சாயல் சேருங்கள்.

கேள்வி: திரையில் அழகாக இருந்த நீல வரிசை, அச்சில் ஊதாவாகிவிட்டது, இருண்ட இரண்டு படிகள் ஒன்றாகிவிட்டன.
— ஒரு வாசகர், இராயப்பேட்டை

பதில்: திரையின் தூய நீலம் அச்சு மைகளின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அச்சில் நீலம், சயான் மையும் மெஜந்தா மையும் சேர்ந்து பிறப்பது. மெஜந்தா சற்றே மிகுந்தாலும் ஊதாவாகிவிடும். சயானைவிட மெஜந்தாவைக் குறைந்தது 30 புள்ளிகள் கீழே வையுங்கள். இருண்ட படிகள் ஒன்றானதற்குக் காரணம் மை தாளில் ஊறிப் பரவுவது. செய்தித்தாள் ரகத் தாளில் அது மிகுதி. சிவகாசிக்கோ வேறு அச்சகத்துக்கோ அனுப்புவதாக இருந்தால், வரிசையைத் தொடங்கும் முன்பே அச்சகத்தாரிடம் அவர்களுடைய நிற விவரக்கோப்பைக் கேட்டு வாங்கி, மென்பொருளில் அச்சு முன்னோட்டத்தை இயக்கியபடியே நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். இருண்ட முனையில் ஒரு படியைக் குறைத்து, மீதியை விலக்கி வைப்பது பாதுகாப்பு.

கேள்வி: தட்டில் தனியாகப் பார்க்கும்போது சரியாக இருக்கும் வரிசை, படத்தில் வைத்ததும் வேறாகத் தெரிவது ஏன்? தயாரித்த வரிசையைச் சோதிப்பது எப்படி?
— ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அருகிலுள்ள நிறம் ஒவ்வொரு நிறத்தையும் தன் எதிர்த் திசைக்குத் தள்ளுகிறது. பாரிஸ் நகரின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பிலிருந்த வேதியியலாளர் செவ்ரூல், கறுப்பு இழை மங்கலாகத் தெரிகிறது என்ற புகார்களை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து இழையின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டு, 1839இல் அதை விரிவாக எழுதினார். உங்கள் தட்டிலும் இதுவே நடக்கிறது: மென்பொருளின் கறுத்த பின்னணியில் வெளிச்சமாகத் தெரிந்த நிறம், வெயில் நிறைந்த படத்துக்குள் வந்ததும் இருட்டாகிறது.

அதனால் சோதனையைப் படத்துக்குள்ளேயே செய்யுங்கள். ஒரு உருண்டை, ஒரு பெட்டி, ஒரு துணி மடிப்பு ஆகிய மூன்றையும் அந்த வரிசையால் மட்டும், உங்கள் படத்தின் பின்னணி நிறத்தின் மீது வரையுங்கள். பிறகு மேலே ஓர் அடுக்கைச் சேர்த்து, அதைச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, அடுக்கின் கலப்பு முறையைக் ‘கலர்’ என மாற்றினால் நிறம் மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும். இரண்டு படிகள் ஒன்றாகிவிட்டால் அவற்றை விலக்குங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத வாசகர்களுக்கும் உங்கள் படம் விளங்குமா என்பதை இதே சோதனை பெருமளவு சொல்லிவிடும். செல்பேசியில் பார்ப்பதானால் இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.